தென்காசியிலிருந்து போஸ்ட்டாக்: இடமா, கேள்வியா?

இந்தியாவில் 2014–15இல் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருந்தவர்கள் 1.17 லட்சம் பேர். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021–22இல் அந்தத் தொகை 2.12 லட்சம். ஏழே ஆண்டுகளில் இவ்வளவு பெருக்கம் சென்னை, பெங்களூரு ஆய்வுக்கூடங்களால் மட்டும் வந்ததல்ல. குற்றாலத்தில் 1964 முதல் இயங்கும் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி, ஆழ்வார்குறிச்சியின் ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி, அதே ஊரில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நடத்தும் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் என்று தென்காசி வட்டாரத்திலும் ஆய்வு நடக்கிறது, பட்டங்கள் வாங்கப்படுகின்றன. வைவா முடிந்து பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ சேர்ந்த பிறகு என்ன செய்வது என்று கேட்டால் வழக்கமாக மூன்று விடைகள் கிடைக்கும்: அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் ஆவது, சுயநிதிக் கல்லூரியில் சேருவது, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்குக் காத்திருப்பது. நான்காவதாக ஒரு வழி உண்டு. முனைவர் பட்டத்துக்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் இன்னொரு பல்கலைக்கழகத்தில், இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து முழுநேர ஆய்வு செய்யும் போஸ்ட்டாக் பணி. அந்த வழி தெரிந்தவர்கள் இங்கே குறைவு. தெரிந்து முயன்றவர்களிலும் பலர் பதில் வராத நூறு மின்னஞ்சல்களோடு நின்றுவிடுகிறார்கள். தகுதிக் குறைவே இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. தேடும் முறைதான் முதற்காரணம் என்பது என் கருத்து. காலியிடத்துக்கு மனுப் போடும் பழக்கத்தில் போஸ்ட்டாக்கையும் தேடுகிறோம். அந்தப் பணியோ பெரும்பாலும் ஓர் ஆய்வுக் கேள்வியைச் சுற்றி உருவாவது. கேள்வியோடு போகிறவருக்கு வசப்படுவது. அப்படிப்பட்ட கேள்விகளுக்குக் குற்றால மலையடிவாரத்தில் பஞ்சமே இல்லை.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இந்தக் கருத்தின் அடிப்படை விளங்கும். ஒரு பேராசிரியர் தம் ஆய்வுத் திட்டத்துக்கு வாங்கிய நிதியிலிருந்து சம்பளம் தருவது ஒரு வகை. இந்தியாவில் இதை ரிசர்ச் அசோசியேட் என்பார்கள். 2023 ஜனவரி முதல் மத்திய அரசின் அறிவியல் துறை விதித்த அளவின்படி முதல் நிலைக்கு மாதம் 58,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உண்டு. அமெரிக்காவின் பெரும்பாலான போஸ்ட்டாக் இடங்களும் இந்த வகையைச் சேர்ந்தவையே. இரண்டாவது வகையில் ஆய்வாளரே நிதியை வென்று தம்மோடு எடுத்துச் செல்கிறார். தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகையை முன்பு எஸ்.இ.ஆர்.பி. வாரியம் வழங்கியது, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் இப்போது வழங்குகிறது. மானுடப் புலங்கள், சமூக அறிவியல் பக்கம் பல்கலைக்கழக மானியக் குழுவின் டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரிலான உதவித்தொகையும், சமூக அறிவியல் ஆய்வு மன்றத்தின் உதவித்தொகையும் உள்ளன. வெளிநாட்டில் ஜெர்மனியின் ஹம்போல்ட், ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ்., ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி, அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட்-நேரு ஆகியவை இந்த வகை. மூன்றாவதாக, ஐ.ஐ.டி.கள், சென்னைத் தரமணியின் கணித அறிவியல் நிறுவனம் போன்றவை தம் சொந்த நிதியில் எடுக்கும் இடங்கள். பணத்தின் ஊற்று எதுவானாலும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு நிபந்தனை பொது: அங்கே இருக்கும் ஓர் ஆய்வாளர் ‘இவர் என்னோடு வேலை செய்யலாம்’ என்று சம்மதிக்க வேண்டும். தேசிய உதவித்தொகையின் விண்ணப்பத்தில் வழிகாட்டியின் பெயரும் ஒப்புதலும் இல்லாமல் அடுத்த படிக்கே போக முடியாது. ஹம்போல்டுக்கு ஜெர்மானியப் பேராசிரியரின் கடிதம் வேண்டும். மேரி கியூரித் திட்ட அறிக்கையை வரவேற்கும் நிறுவனத்தோடு சேர்ந்தே எழுதியாக வேண்டும். ஆகவே விளம்பரத்தைப் பார்த்துத் தொடங்குகிறவர் இரண்டாம் படியில் கால் வைக்கிறார். முதற்படி ஒரு மனிதரைத் தேடிக் கண்டு அவருக்கு எழுதுவது.

அந்த முதல் கடிதத்தில்தான் நம் பக்கத்து முயற்சிகள் பெரும்பாலும் தோற்கின்றன. ‘மதிப்பிற்குரிய ஐயா, நான் இன்ன பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்துள்ளேன், தங்கள் புகழ்பெற்ற ஆய்வுக்கூடத்தில் வாய்ப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்’ என்று எழுதி, எட்டுப் பக்கத் தன்விவரத்தை இணைத்து, ஒரே வாசகத்தை இருநூறு பேருக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. பணிவு பழுதில்லை. அந்தக் கடிதம் பெறுபவருக்கு எதையும் சொல்வதில்லை என்பதே சிக்கல். அவர் அறிய விரும்புவது மூன்று செய்திகள்: என் வேலையில் எதைப் படித்திருக்கிறார், அதில் எந்த இடைவெளியைக் கண்டார், அதை நிரப்ப இவர் கையில் என்ன இருக்கிறது. அவருடைய ஒரு கட்டுரையை ஊன்றிப் படித்து, அதில் ஒரு முடிவைக் குறிப்பிட்டு, தம் தரவு அந்த முடிவை எங்கே தாங்குகிறது, எங்கே கேள்விக்கு உள்ளாக்குகிறது என்று நான்கைந்து வரியில் சொல்லி, எந்த உதவித்தொகைக்கு, எந்தக் கெடுவுக்குள் சேர்ந்து விண்ணப்பிக்கலாம் என்று முடித்தால், அது ஒரு பக்கத்துக்குள் அடங்கும். இப்படி ஒரு கடிதம் எழுத ஒரு வாரம் ஆகலாம். ஓர் ஆண்டில் இருபதுக்கு மேல் எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். ‘என்னிடம் நிதி இருக்கிறதா என்று தெரியவில்லை’ என்று தயங்கும் பேராசிரியரிடம் ‘நிதிக்கு நானே விண்ணப்பிக்கிறேன், உங்கள் ஒப்புதல் போதும்’ என்று சொல்ல முடிகிற நிலை மிக வலுவானது. இரண்டாம் வகை உதவித்தொகைகளின் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது. யூராக்சஸ், நேச்சர் கேரியர்ஸ் போன்ற தளங்களைத் தினம் பார்ப்பது தவறில்லை. ஆனால் எந்தக் குழு எந்த நிதியை அண்மையில் வென்றிருக்கிறது என்று அறியவே அவை கூடுதலாக உதவும். புது நிதி வென்ற குழுவுக்கு ஆள் வேண்டியிருக்கும், விளம்பரம் வரும் முன்பே எழுதலாம்.

தென்காசி வட்டாரத்தில் படித்தவர் உலகத்தரமான ஆய்வாளருக்கு எந்தக் கேள்வியைக் கொண்டுபோக முடியும் என்று ஐயப்படுவோருக்காகச் சிலவற்றை விரித்துச் சொல்ல வேண்டும். தாவரவியலிலிருந்து தொடங்கலாம். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ராபர்ட் ஒயிட் குற்றால மலைகளில் ஏராளமான செடிகளைச் சேகரித்தார். அவருடைய உலர்தாவரச் சேகரிப்பின் பெரும் பகுதி இன்று லண்டனின் கியூ தோட்டத்திலும் எடின்பரோவின் அரசத் தாவரவியல் தோட்டத்திலும் இருக்கிறது. பல தாள்கள் கணினியில் பார்க்கக் கிடைக்கின்றன. குற்றாலத்தின் பெயரையே தாங்கிய சிஜிஜியம் கோர்டாலென்சே என்ற நாவல் குடும்பத்து மரம் உண்டு. ஏறத்தாழ இரு நூற்றாண்டுக்கு முன் ஓரிடத்தில் என்ன வளர்ந்தது என்ற சான்று எடின்பரோவில் இருக்கிறது. அதே இடத்தில் இன்று என்ன வளர்கிறது, எது எந்த மாதம் பூக்கிறது, அருவிக்கரை நெரிசலும் தோட்டப்பயிரும் எதை அகற்றிவிட்டன என்ற அறிவு செண்பகாதேவி அருவிக்கு மேலே நடந்து பழகியவரிடம் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் ஆய்வுக்கு எடின்பரோவில் இருப்பவருக்கு இங்குள்ளவர் தேவை. இங்குள்ளவருக்கு அவர் தேவை. குற்றாலத்துக்குத் தெற்கே நீளும் அகத்தியமலை 2001இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2016இல் யுனெஸ்கோவின் உலக வலைப்பின்னலில் சேர்ந்தது. அந்த மலையின் சரிவில் முனைவர் பட்டத்துக்காக நான்கு ஆண்டு களப்பணி செய்த ஒருவர், காலநிலை மாற்றத்தில் வெப்பமண்டல மலைக்காடுகள் என்ன ஆகின்றன என்று கேட்கும் உலகின் எந்தக் குழுவுக்கும் நம்பிக்கையோடு எழுதலாம். கடல் தாண்ட விரும்பாதவருக்குப் புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை வரைபடமாக்கிய மூத்த நிறுவனம் அது.

இயற்பியலுக்கு வந்தால், புவிகாந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பரில் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்ததற்கு அந்த நடுக்கோட்டின் அருகாமையே காரணம். அதே காரணத்தால் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் நடத்துகிறது. மேல்வளிமண்டலத்தில் பகல் வேளையில் கிழக்கு நோக்கி ஓடும் மின்னோட்டத்தை அளக்க இதைவிட வசதியான இடங்கள் உலகில் மிகக் குறைவு. அந்த நிறுவனம் நானாபாய் மூஸ் என்ற பழைய அறிவியலாளரின் பெயரில் போஸ்ட்டாக் உதவித்தொகையும் வழங்குகிறது. தென்காசியிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில் உலகளாவிய கேள்விக்கு ஒரு களம் இருக்கும்போது, இயற்பியல் முடித்தவர் அதை அறியாமலே நானோ துகள்கள் பற்றி நூறாவது ஆய்வேட்டை எழுதுவது வருத்தத்துக்குரியது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே புகும் காற்றும் அப்படித்தான். சாரலைத் தருவதும் சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அந்தக் காற்றே. கயத்தாற்றில் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. கணவாய்க் காற்றை முன்கணிப்பது டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் பல குழுக்கள் மூழ்கிக் கிடக்கும் சிக்கல். அதற்கு வேண்டிய மலை, கணவாய், காற்றாலை மூன்றும் இங்கே ஒரே பார்வையில் தெரிகின்றன.

தமிழும் வரலாறும் படித்தவர்கள் போஸ்ட்டாக் அறிவியலாருக்கு மட்டும் உரியது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த எண்ணத்தை மாற்றுவதில் எனக்குத் தனி அக்கறை உண்டு. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலில் தமிழ்ச் செய்யுளாகவே கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அடுத்த நூற்றாண்டில் அதே மரபில் வந்த அதிவீரராம பாண்டியர் நைடதம் பாடினார். அரசு சுருங்கி இலக்கியம் பெருகிய தென்காசிப் பாண்டியர் காலத்தை, கல்வெட்டையும் ஏட்டையும் இணைத்துப் படிக்கும் ஆய்வு இன்னும் போதிய அளவு நடக்கவில்லை. ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் கையெழுத்துப் பண்பாட்டு ஆய்வு மையம் தமிழ்ச் சுவடிகளில் ஆழ்ந்து வேலை செய்கிறது. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியில் 2014 முதல் 2019 வரை நடந்த நெட்தமிழ்த் திட்டம் ஹாம்பர்க்கையும் புதுச்சேரியின் தூரகிழக்கு பிரெஞ்சுப் பள்ளியையும் இணைத்தது. தொடர்ந்து வந்த தர்மா திட்டம் தெற்காசிய, தென்கிழக்காசியக் கல்வெட்டுகளை மின்பதிப்பாக்க முனைந்தது. இத்தகைய திட்டங்களுக்குத் தேவைப்படுபவர் பழந்தமிழ் எழுத்தைத் தடையின்றிப் படிக்கிறவர், செய்யுளைப் பிரித்துப் பொருள் காண்கிறவர், களத்துக்குப் போய்ப் படியெடுக்கத் தெரிந்தவர். இத்திறன்கள் நம் தமிழ்த்துறைகளில் இருக்கின்றன. அவற்றை ஆங்கிலத்தில் இரண்டு பக்கத் திட்டமாக எழுதும் பயிற்சிதான் இல்லை. சமூக அறிவியலிலும் அப்படியே. ஆலங்குளம், கடையம் பகுதிகளில் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களின் உடல்நலம், கூலி, அவர்களின் பிள்ளைகளின் படிப்பு ஆகியவை தொழிலாளர் ஆய்வில் உலகெங்கும் எடுபடும் கேள்விகள். அந்தப் பெண்களோடு அவர்கள் பேச்சிலேயே பேசக்கூடியவர் செய்யும் நேர்காணலை வெளியூர் ஆய்வாளர் செய்துவிட முடியாது.

சொந்த ஊர்க் களத்தையே பற்றிக்கொள்ளச் சொல்வது ஒருவரை வட்டாரத் தகவலாளராகக் குறுக்கிவிடாதா என்ற மறுப்பு இங்கே எழும். நியாயமான அச்சம். வெளிநாட்டுக் குழுக்கள் தரவை மட்டும் வாங்கிக்கொண்டு, கோட்பாட்டைத் தாமே எழுதிக்கொண்ட வரலாறு நீண்டது. ஒயிட் காலத்துச் சேகரிப்பாளர்களுக்கு வழிகாட்டி மரமேறிய உள்ளூர்க்காரர்களின் பெயர்கள் எத்தனை தாள்களில் இருக்கின்றன? அதனால்தான் தரவோடு நில்லாமல் கேள்வியையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும் என்கிறேன். ‘என்னிடம் குற்றாலத்துச் செடிகளின் பட்டியல் இருக்கிறது’ என்று எழுதுகிறவர் தகவலாளர். ‘உயரத்துக்கேற்ப இனங்கள் மேலே நகர்கின்றன என்ற உங்கள் முடிவு, இருபுறமும் மழை வேறுபடும் இந்த மலையில் பொருந்தவில்லை, காரணத்தை இப்படிச் சோதிக்கலாம்’ என்று எழுதுகிறவர் கூட்டாளி. போஸ்ட்டாக் காலத்தில் கற்க வேண்டியது புது முறைகளை: மரபணு வரிசை, புள்ளியியல் மாதிரிகள், மின்பதிப்பு. கேள்வியில் தமக்கு உரிமை இருந்தால் முறையைக் கற்றுக்கொண்டு வேறு களத்துக்கும் நகரலாம். களம் முதல் கடிதத்துக்குக் கிடைத்த பிடிமானம். ஆயுள் முழுக்க அதிலேயே நிற்க வேண்டியதில்லை.

கேள்வி கையில் இருந்தும் பலர் தவறவிடுவது காலத்தை. தேசிய உதவித்தொகைக்கு வயது வரம்பு 35. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு ஐந்து ஆண்டு தளர்வு. மத்திய அரசின் இன்ஸ்பயர் ஆசிரியப் பணிக்கு 32. ஹம்போல்டின் போஸ்ட்டாக் பிரிவும் ஃபுல்பிரைட்-நேருவும் முனைவர் பட்டம் பெற்று நான்கு ஆண்டுக்குள் இருப்பவரைக் கேட்கின்றன; ஜே.எஸ்.பி.எஸ். ஆறு ஆண்டு, மேரி கியூரி எட்டு ஆண்டு. பட்டம் வாங்கி மூன்று ஆண்டு விரிவுரையாளராக இருந்துவிட்டு, வேலை நிரந்தரமாகாது என்று தெரிந்த பிறகு தேடத் தொடங்குகிறவருக்குப் பாதிக் கதவுகள் மூடியிருக்கும். விண்ணப்பித்து முடிவு வர ஆறு முதல் பத்து மாதம் பிடிக்கும் என்பதையும் சேர்த்தால், ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன்பே கடிதம் எழுதத் தொடங்கியாக வேண்டும். தேசிய உதவித்தொகை ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டுப் பட்டத்துக்குக் காத்திருப்பவரையும் ஏற்று வந்திருக்கிறது. இந்த நல்ல ஏற்பாடு நம்மூரில் பரவலாகத் தெரியவில்லை. பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஆய்வேடு ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மதிப்பீடு முழுதும் முடிய வேண்டும் என்று 2022 நவம்பரில் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறை சொல்கிறது. தேர்வாளரின் அறிக்கை வரவில்லை, வைவாவுக்குத் தேதி கிடைக்கவில்லை என்று இழுக்கும் ஒவ்வொரு மாதமும் மாணவரின் வயது வரம்பிலிருந்து கழிகிறது. நிர்வாகத் தாமதம் என்று இதைக் கடந்துபோகக் கூடாது. ஒருவரின் வாய்ப்பையே பறிக்கும் செயல் இது.

அடுத்தது, பெயர் சொல்லும் வெளியீடும் பெயர் சொல்லும் மனிதரும். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களில் பத்துக் கட்டுரை வைத்திருப்பவர், துறை மதிக்கும் இதழில் ஒன்று வைத்திருப்பவரைவிடப் பின்தங்கியே நிற்பார்; அந்தப் பத்தும் அவருக்கு எதிராகவே எண்ணப்படும். பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறை நீக்கியது. இதழ்களுக்கான கேர் பட்டியலை மானியக் குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டது. இனி எது நல்ல இதழ் என்று துறையும் நெறியாளரும் மாணவரும்தான் முடிவு செய்ய வேண்டும். பரிந்துரைக் கடிதங்களில் உள்ள வேறுபாடு இன்னும் நுட்பமானது. இங்கே மாணவரே எழுதிக் கொடுக்க, கைடு கையெழுத்திடுவது பல துறைகளில் வழக்கம். ‘ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, எல்லா வளமும் பெற வாழ்த்துகிறேன்’ என்று அது முடியும். வெளிநாட்டுத் தேர்வுக்குழு அப்படி ஒரு கடிதத்தைக் கண்டால், சொல்வதற்கு எதுவும் இல்லை போலும் என்று எடுத்துக்கொள்ளும். பரிந்துரைப்பவர் நேரடியாக, இரகசியமாக அனுப்பும் கடிதத்தில் ‘மூன்றாம் ஆண்டில் எங்கள் மாதிரியெடுப்பு முறையில் இருந்த பிழையை இவரே கண்டு திருத்தினார்’ என்ற ஒரே வாக்கியம் இருந்தால் பக்கம் முழுக்கப் புகழ்வதைவிட அது எடுபடும். மூன்று கடிதங்களில் ஒன்றாவது சொந்தக் கல்லூரிக்கு வெளியிலிருந்து வர வேண்டும். அதற்கு முனைவர் பட்டக் காலத்திலேயே வெளியில் ஒருவர் நம் வேலையைப் பார்த்திருக்க வேண்டும்: ஒரு கருத்தரங்கு, ஒரு கோடைப் பயிலரங்கு, மணிமுத்தாற்றில் அசோகா சூழலியல் அறக்கட்டளை நடத்தும் மையத்தோடு ஒரு களப்பணி. அறிமுகம் இப்படித்தான் உருவாகிறது.

அறிமுகம் என்றவுடனே, ‘கடைசியில் எல்லாம் தொடர்பு இருப்பவர்களுக்கே’ என்ற பழைய மறுப்பு வந்து நிற்கும். ஐ.ஐ.எஸ்சி.யில் படித்தவரின் நெறியாளர் ஒரு தொலைபேசியில் முடிக்கிற வேலைக்கு ஆழ்வார்குறிச்சி மாணவர் ஓராண்டு அலைய வேண்டும் என்பது உண்மை. ஆங்கிலமும் ஒரு சுவர். இந்த ஏற்றத்தாழ்வை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் அது எங்கே குறைவாக வேலை செய்கிறது என்று பார்ப்பது பயன் தரும். பேராசிரியர் தம் நிதியில் தாமே எடுக்கும் இடங்களில் தொடர்பு மிகுதியாகப் பேசும். எழுதிய திட்டத்தைப் பல மதிப்பீட்டாளர் மதிப்பெண் இட்டுத் தரவரிசைப்படுத்தும் உதவித்தொகைகளில் குறைவாகப் பேசும். தொடர்பு இல்லாதவர் பின்னதில் தம் உழைப்பைக் குவிப்பது அறிவுடைமை. அங்கும் போட்டி கடுமைதான். மேரி கியூரிக்கு 2024இல் 10,360 விண்ணப்பங்கள் வந்து 1,696 தேறின. அடுத்த ஆண்டு விண்ணப்பங்கள் 17,000ஐத் தாண்டின. ஆறில் ஒன்று என்பது பத்தில் ஒன்றுக்கும் கீழே போகும் நிலை. ஒரே உதவித்தொகையை நம்பி இருக்கக் கூடாது என்று இதிலிருந்து தெரிகிறது. விண்ணப்பிப்பதே வீண் என்று தெரிவதில்லை. ஒரு திட்டத்தை நன்கு எழுதிவிட்டால் அதையே சிறிது மாற்றி நான்கு இடங்களுக்கு அனுப்பலாம், தோற்ற விண்ணப்பத்துக்கு வரும் மதிப்பீட்டுக் குறிப்புகளே அடுத்ததைச் செப்பனிடும்.

இன்னும் வலுவான மறுப்பு, போஸ்ட்டாக் என்பது மலிவான கூலி, முப்பதுகளைத் தின்றுவிட்டு நிரந்தர வேலை தராமல் விட்டுவிடும் என்பது. மேலைநாடுகளில் இது மெய்யான துயரம்; பத்தாண்டு வரை ஒப்பந்தத்திலிருந்து ஒப்பந்தத்துக்குத் தாவுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் நிலையில் எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதே கேள்வி. அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளருக்கு அண்மைக்காலம் வரை மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டில் 11 மாதம். அதனோடு வைத்துப் பார்த்தால் ரிசர்ச் அசோசியேட்டின் 58,000 இரு மடங்குக்கு மேல். ஆனால் பணத்தைத் தாண்டி ஒரு சிக்கல் உண்டு, அதைச் செய்தது நம் அரசு அமைப்பே. மானியக் குழுவின் 2018 விதிமுறையில் உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கான வடிகட்டும் மதிப்பெண்ணில், கற்பித்தலும் போஸ்ட்டாக்கும் சமமாக, ஓராண்டுக்கு 2 வீதம் அதிகபட்சம் 10 மதிப்பெண் பெறுகின்றன. தமிழ்நாட்டு ஆசிரியர் தேர்வு வாரியம் 2019இல் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஆள் எடுக்க அறிவித்தபோது மொத்தம் 34 மதிப்பெண்: கற்பித்தல் அனுபவத்துக்கு 15, கல்வித் தகுதிக்கு 9, நேர்காணலுக்கு 10. போஸ்ட்டாக் ஆய்வுக்கென்று அதில் இடம் இல்லை. ஹாம்பர்க்கில் மூன்று ஆண்டு சுவடி படித்தவரைவிட, அதே மூன்று ஆண்டு இங்கே வகுப்பெடுத்தவருக்கு அந்தக் கணக்கில் கூடுதல் மதிப்பு. வகுப்பெடுத்தவரின் உழைப்பு குறைந்ததல்ல. ஆய்வின் உழைப்பும் எண்ணப்பட வேண்டும் என்கிறேன். பின்னர் எழுத்துத் தேர்வு முறைக்கு வாரியம் மாறிவிட்டாலும் இந்தக் குறை தீரவில்லை. மத்திய விதிமுறை கொடுத்த சமநிலையை மாநிலமும் கொடுத்தால், வெளியே போய்க் கற்றவர்கள் திரும்பி வரக் காரணம் கிடைக்கும். அதுவரை, அரசுக் கல்லூரிப் பணி ஒன்றே இலக்கு என்போருக்குப் போஸ்ட்டாக் சிறந்த வழி என்று என்னால் சொல்ல முடியாது. பல்கலைக்கழகம், தேசிய ஆய்வு நிறுவனம், ஆய்வு சார்ந்த தனியார் துறை ஆகியவற்றை நோக்குவோருக்கு அது ஏறத்தாழ இன்றியமையாதது.

பெண்களின் நிலையைத் தனியாகப் பேசியாக வேண்டும். குற்றாலத்தின் கல்லூரியே மகளிர் கல்லூரி. முனைவர் பட்டம் முடியும் வயதும் திருமணம், பிள்ளைப்பேறு ஆகியவற்றின் வயதும் ஒன்றாக வந்து விழுகின்றன. ‘படித்தது போதாதா, இனி ஜெர்மனி வேறா’ என்ற வீட்டுக் கேள்விக்கு விடை சொல்லும் சுமை முழுவதும் அந்தப் பெண்மேல். வெளிநாட்டுப் போஸ்ட்டாக்கை மட்டுமே உயர்வாகப் பேசும் வழக்கம் இவர்களுக்கு மேலும் கேடு செய்கிறது. தேசிய உதவித்தொகைக்கு வழிகாட்டி இந்தியாவில் ஏதேனும் ஓர் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் நிரந்தரப் பணியில் இருந்தால் போதும். திருநெல்வேலியோ மதுரையோ திருவனந்தபுரமோ ஆகலாம். அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002–03இல் தொடங்கிய பெண் விஞ்ஞானிகள் திட்டம் இடைவெளி விட்டுத் திரும்புவோருக்காகவே உருவானது. அதன் இன்றைய வடிவமான வைஸ் போஸ்ட்டாக் உதவித்தொகைக்கு 27 முதல் 60 வயது வரை விண்ணப்பிக்கலாம். ராதாகிருஷ்ணன் உதவித்தொகையில் 30 விழுக்காடு பெண்களுக்கு. மேரி கியூரியின் எட்டு ஆண்டுக் கணக்கில் பிள்ளை வளர்ப்புக்காக எடுத்த இடைவெளி கழிக்கப்படும். இவற்றை விண்ணப்பத்தில் கேட்டுப் பெறுவது சலுகை யாசிப்பதாகாது. விதியில் உள்ள உரிமை அது. பிள்ளையோடு போகலாமா, குடும்பப் படி உண்டா என்று முதல் கடிதத்திலேயே கேட்க வேண்டாம். ஒப்புதல் வந்தபின் தயங்காமல் கேட்கலாம், பல உதவித்தொகைகளில் உண்டு.

வழிகாட்டி பற்றிய தேசிய உதவித்தொகையின் விதியைத் திருப்பிப் பார்த்தால் கல்லூரிகள் செய்யக்கூடிய வேலை தெரியும். வழிகாட்டி இந்தியாவில் எங்கும் இருக்கலாம் என்றால் அவர் ஆழ்வார்குறிச்சியிலும் இருக்கலாம். கொல்கத்தாவிலோ கௌஹாத்தியிலோ பட்டம் வாங்கிய ஒருவர் அகத்தியமலையின் நீரோடைகளைப் படிக்க அங்கே இரண்டு ஆண்டு வந்து தங்கினால், அவரோடு அவருடைய முறைகளும் தொடர்புகளும் வரும். பக்கத்து மேசையில் இருக்கும் உள்ளூர் மாணவருக்கு வெளியிலிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் கிடைக்க அதுவே வழி. அப்படி ஒருவர் வர, நிரந்தரப் பணியில் வழிகாட்டி இருக்க வேண்டும். ஓய்வு பெற்றோரின் இடங்கள் நிரப்பப்படாத துறையால் யாரையும் வரவேற்க முடியாது. துறையின் இணையப் பக்கத்தில் எந்த ஆசிரியர் எந்தக் கேள்வியில் வேலை செய்கிறார், என்ன கருவிகள் இருக்கின்றன, தங்குமிடம் உண்டா என்று ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் தமிழிலும் இருந்தால் போதும், எழுத நினைப்பவர் எழுதுவார். ஆய்வேடு ஒப்படைக்கவிருக்கும் மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறை உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு திட்டம் இரண்டு பக்கத்தில் எழுதச் செய்து, துறை முழுதும் சேர்ந்து அதைத் திருத்தித் தருவதற்கு அரசாணை தேவையில்லை, நிதியும் தேவையில்லை. தேசிய உதவித்தொகையின் அடுத்த அழைப்புக்கு முன்பே அதைச் செய்துவிடலாம்.